யாரு, யாருகிட்ட சொல்றா?

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டீச்சர், பரீட்சைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கு. ஆறு போயத்துல எது எது முக்கியம்னு சொல்லுங்க, அத மட்டும் மனப்பாடம் பண்ணிடறேன்." பின்னால் மிக்ஸி ஓடுகிறது, அவள் தம்பி எதற்கோ அழுகிறான். மூன்று தடவை கேட்டேன். ரெண்டு வரியில் பதில் போட்டால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும், அவளைப் போல் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

தரங்கம்பாடிக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர் என்னுடையது. பத்தொன்பது வருஷமாக வீட்டுத் திண்ணையில் மாலை ஆறு மணிக்குப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்டேட் போர்டுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் விவசாயக் குடும்பம். நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். எம்.ஏ. இங்கிலீஷ் கல்யாணத்துக்குப் பிறகு கரஸ்பாண்டன்ஸில் முடித்தேன்.

என் பிளஸ் டூ பரீட்சையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கைடில் இருந்த எல்லாப் பாட்டின் சுருக்கமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பரீட்சையில் ஒரு பாட்டின் நடுவிலிருந்து ரெண்டு வரியை எடுத்துப் போட்டு விளக்கச் சொல்லியிருந்தார்கள். அது எந்தப் பாட்டு என்றே எனக்குத் தெரியவில்லை. சுருக்கம் மனப்பாடம், பாட்டைப் பார்த்ததே இல்லை. வேறொரு கவிஞர் பேரை எழுதி, வேறொரு பாட்டின் சுருக்கத்தை ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து தோழியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுத அழுகை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

இன்றைய வினாத்தாளையும் எடுத்துப் பாருங்கள். 90 மதிப்பெண். பாட்டில் இரண்டு மதிப்பெண் கேள்விகள், வரியைக் கொடுத்துத்தான் கேட்கிறார்கள். மூன்று மதிப்பெண் இ.ஆர்.சி.யும், அதாவது ஒரு வரியை அதன் இடம்பொருளோடு விளக்குகிற கேள்வியும், வரியைக் கொடுத்துத்தான். ஐந்து மதிப்பெண் பாராகிராப் ஒன்றுக்குத்தான் சுருக்கம் கொஞ்சம் கைகொடுக்கும். அதாவது பரீட்சை கேட்பது பாட்டை. நாம் ராப்பகலாகப் படிப்பது பாட்டைப் பற்றி யாரோ எழுதிய பாராவை.

அப்படியானால் பாட்டை எப்படிப் படிப்பது? இதற்கு நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. தமிழ் வகுப்பில் குறுந்தொகைப் பாட்டு ஒன்று நடத்தும்போது ஐயா முதலில் எதைச் சொல்வார்? "தலைவி தோழிக்குச் சொன்னது." அதைச் சொன்ன பிறகுதான் பாட்டுக்குள்ளேயே போவார். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகளை அடுக்குகிறார். அதில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்று ஒரு வரிசை இருக்கிறது. யார் சொல்வது, யார் கேட்பது, எந்த இடம், எந்த நேரம், எதற்காக, என்ன உணர்ச்சி. தமிழ்ப் பாட்டென்றால் இதை நம் பிள்ளைகள் மூச்சுவிடுவதுபோல் செய்கிறார்கள். இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்ததும் அதையெல்லாம் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு வருகிறார்கள். என் திண்ணையில் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்பேன்: "யாரு, யாருகிட்ட சொல்றா?"

டென்னிசனின் 'யுலிஸிஸ்'ஸை எடுத்துக்கொள்ளுங்கள். யுலிஸிஸ் கிரேக்கக் கதையில் வருகிற ராஜா. ட்ராய் போர் பத்து வருஷம், கடலில் அலைந்து வீடு திரும்ப இன்னொரு பத்து வருஷம். ஊருக்கு வந்து சேர்ந்து, ராஜாவாக உட்கார்ந்து, வயசும் ஆகிவிட்டது. மறுபடியும் கிளம்ப வேண்டும் என்கிறான். 70 வரி. கைடில் 'யுலிஸிஸ் ஒரு மாவீரன்' என்று போட்டு முடித்திருப்பார்கள். ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்போர் யார் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். முதலில் தனக்குத் தானே முணுமுணுக்கிறான்: அணைந்த அடுப்பு மாதிரி வாழ்க்கை, காய்ந்த பாறை, வயதான மனைவி, என்னைத் தெரிந்துகொள்ளாத ஜனங்கள். கொஞ்ச தூரம் போனதும் 'திஸ் இஸ் மை சன்' என்கிறான். யாருக்கோ மகனை அறிமுகப்படுத்துகிறான், எதிரே ஆள் இருக்கிறது. அதற்கும் பிறகு துறைமுகத்தைக் கை காட்டி 'மை மாரினர்ஸ்' என்கிறான். இப்போது கூட வந்த பழைய மாலுமிகளிடம் பேசுகிறான். ஒரே பாட்டுக்குள் ஆள் மூன்று இடத்துக்கு நகர்ந்துவிட்டான்! அடுப்படியில் ஆரம்பித்தவன் கடற்கரையில் நிற்கிறான். இது பிடிபட்டுவிட்டால் எந்த வரியைக் கொடுத்தாலும் பாட்டின் எந்த மூலையிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

சத்தமாகப் படிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 'தட் ஹோர்ட், அண்ட் ஸ்லீப், அண்ட் ஃபீட், அண்ட் நோ நாட் மீ.' வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அண்ட், அண்ட், அண்ட் என்று சலிப்பாக இழுக்கிறது. அந்த ஊரில் அவன் கழிக்கிற நாட்கள் அந்த 'அண்ட்'டில்தான் இருக்கின்றன. கண்ணால் மட்டும் படித்தால் அது வெறும் சொல்தான். 'ஐ வில் ட்ரிங்க் லைஃப் டு த லீஸ்' என்ற வரியில் 'லீஸ்' என்றால் திராட்சை மதுவின் அடியில் தங்குகிற கசடு. பானையைச் சாய்த்து அடிவண்டல் வரைக்கும் குடித்துவிடுவேன் என்கிறான். பதநீர் குடித்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

போன வருஷம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அவன் பொண்டாட்டி இருபது வருஷம் காத்துக்கிட்டு இருந்தாளே, அவளப் போயி 'ஏஜ்டு வைஃப்'னு ஒரே வார்த்தையில தள்ளிட்டானே?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கைடு எழுதினவருக்குத் தோன்றாத கேள்வி அது. உன் பாராகிராப்பின் கடைசியில் இதையே இங்கிலீஷில் ரெண்டு வரி எழுது என்றேன். எழுதினாள்.

இப்போது சவுக்கு மரம். தோரு தத்தின் 'அவர் கேஷுவரினா ட்ரீ' எங்கள் பாடத்தில் இருப்பது இந்தக் கடலோரப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வரம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதையும் அவர்கள் 'கேஷுவரினா' என்று ஏதோ வெளிநாட்டு மரம்போல மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே இருக்கிற சவுக்குத் தோப்புக்குப் போனேன். கடல்காற்று ஏறியிருந்த நேரம். கீழே ஊசி இலை மெத்தை மாதிரி கிடந்தது. "மூணு நிமிஷம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தத்த மட்டும் கேளுங்க" என்றேன். நின்றார்கள். முதலில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள், அப்புறம் அவளும் அமைதியானாள். மேலே ஹோ என்று ஒரு நீளமான இரைச்சல், ஏறுகிறது, இறங்குகிறது. அப்பாவோடு கடலுக்குப் போய் வருகிற பையன் ஒருவன்தான் முதலில் பேசினான். "அலைச் சத்தம் மாதிரியே இருக்கு டீச்சர். ஆனா அலை அந்தப் பக்கம்ல இருக்கு. இது மேலேருந்து வருது."

புத்தகத்தைத் திறந்து படித்தேன். 'வாட் இஸ் தட் டர்ஜ்-லைக் மர்மர் தட் ஐ ஹியர், லைக் த ஸீ ப்ரேக்கிங் ஆன் எ ஷிங்கிள்-பீச்?' அவன் சொன்னதேதான். கல்கத்தாவில் ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் எழுதியதைத் தன் காதால் கேட்டுத் தானே சொல்லிவிட்டான். 'ஷிங்கிள்-பீச்' கூழாங்கல் கரை, நம் கரை மணல், அது ஒன்றுதான் வித்தியாசம். 'டர்ஜ்' என்றால் ஒப்பாரி என்றேன். "ஒப்பாரியில கடைசி வார்த்தைய இழுப்பாங்களே, அதேதான் டீச்சர் இது" என்றாள் சிரிப்பை அடக்கியவள்.

இன்னொரு கேள்வியும் அங்கேதான் வந்தது. அந்தப் பாட்டில் மலைப்பாம்பு மாதிரி ஒரு கொடி மரத்தைச் சுற்றிச் சுற்றி நட்சத்திரம் வரைக்கும் ஏறுகிறது. "இந்தக் குச்சி மரத்துல மலைப்பாம்பு மாதிரி கொடி எப்படி டீச்சர் ஏறும்?" நியாயமான கேள்வி. தோப்புச் சவுக்கைப் பந்தல் காலுக்கும் காகித ஆலைக்கும் நாலைந்து வருஷத்தில் வெட்டிவிடுகிறோம். வெட்டாமல் விட்டால் அது எவ்வளவு பெரிதாகும் என்று இந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. அங்கிருந்து மாரியம்மன் கோயில் பின்பக்கம் நிற்கிற பழைய சவுக்கைக் காட்டக் கூட்டிப்போனேன். ரெண்டு பேர் கை கோத்துத்தான் கட்ட முடிந்தது. பட்டையில் வடுக்கள். பாட்டிலும் அதே வடு: 'இன்டெண்டட் டீப் வித் ஸ்கார்ஸ்.'

திண்ணைக்குத் திரும்பி வந்ததும் என் கேள்வியைக் கேட்டேன். யார் சொல்கிறார்கள்? தோரு தத். 1856இல் பிறந்து 1877இல், 21 வயதில், காசநோயில் இறந்துபோன பெண். யாரிடம் சொல்கிறாள்? எல்லோரும் "மரத்துக்கிட்ட" என்றார்கள். பாட்டில் மரத்தை நேராகக் கூப்பிடுகிற இடம் உண்டுதான். ஆனால் நடுவில் 'ஓ ஸ்வீட் கம்பானியன்ஸ்' என்று வருகிறதே, அது யார்? அவளோடு அந்த மரத்தடியில் விளையாடியவர்கள். நீங்களும் தம்பிதங்கைகளோடு அப்படி விளையாடியவர்கள்தானே. அவளுடைய அண்ணன் 1865இல் போய்விட்டான், அக்கா 1874இல். அந்த வரியின் கேட்போர் இரண்டு பேரும் உயிரோடு இல்லை. இதைச் சொன்னதும் திண்ணையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாட்டுக்கு அதற்குப் பிறகு நான் நோட்ஸ் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மரம் ஏன் அவளுக்கு முக்கியம் என்று கேட்டால் 'அதன் கம்பீரத்தினால் இல்லை', அதன் அடியில் விளையாடியதால் என்று பாட்டே சொல்கிறது. அதுதான் அடிக்கடி கேட்கிற கேள்வியும்.

ப்ரௌனிங்கின் 'இன்ஸிடெண்ட் ஆஃப் த ஃப்ரெஞ்ச் கேம்ப்' பாட்டை நான் எப்போதும் நடிக்கத்தான் விடுவேன். ஐந்து பத்தி, 40 வரி. 1809இல் நெப்போலியன் படை ராட்டிஸ்பான் நகரத்தைத் தாக்குகிறது. ஒருவன் மேட்டில் கால் அகட்டி, கையைப் பின்னால் கட்டி, கழுத்தை முன்னால் நீட்டி நிற்க வேண்டும், அதுதான் நெப்போலியன். இன்னொருவன் வெற்றிச் செய்தியோடு குதிரையில் வந்து குதித்து, குதிரையின் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்களிடம் குதிரை இல்லை, திண்ணைத் தூண்தான். தூணைப் பிடித்த பையனிடம் கேட்பேன், "ஏன் தம்பி பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" "டயர்டா இருக்கு டீச்சர்." "உதட்ட ஏன் இறுக்கி மூடியிருக்க?" பதில் தெரியாது. அடுத்த வரியைப் படிக்கச் சொல்வேன். வாயைத் திறந்தால் ரத்தம் வந்துவிடும். நெஞ்சு கிட்டத்தட்ட ரெண்டாகப் பிளந்திருக்கிறது, அதை ரெண்டாவது தடவை பார்த்தால்தான் தெரியும் என்கிறான் கவிஞன். சும்மா படித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் இதைத் தவறவிட்டுவிட்டு, கடைசி வரியில் அவன் திடீரென்று விழுந்து செத்துவிட்டான் என்று எழுதுகிறார்கள். தூணைப் பிடித்து நின்றவன் ஒருநாளும் அப்படி எழுத மாட்டான்.

'யூ ஆர் வூண்டட்' என்கிறான் நெப்போலியன். 'ஐம் கில்ட், ஸைர்' என்று பையன் சிரித்துக்கொண்டே விழுகிறான். காயம் என்று சொன்னதில் அவனுக்கு மானம் பட்டுவிட்டது. நெஞ்சில் வாங்கிய புண்ணுக்கு நமக்கு ஒரு பெயரே இருக்கிறது, விழுப்புண். மகனின் சிதைந்த உடலைப் போர்க்களத்தில் பார்த்து, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்த தாயைப் புறநானூற்றில் படித்த பிள்ளைக்கு, இந்த ஃப்ரெஞ்சுப் பையனைப் புரிந்துகொள்ள எந்தக் கைடும் வேண்டாம். நெப்போலியனின் பார்வை இளகுவதற்கு, தாய்க்கழுகின் கண்ணில் திரை விழுவதாக ஒரு உவமை வருகிறதே, அதையும் இந்தத் தாயோடு சேர்த்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். கூற்று யாருடையது? நெப்போலியனும் இல்லை, பையனும் இல்லை. 'யூ நோ, வீ ஃப்ரெஞ்ச்' என்று ஆரம்பிக்கிறதே, பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு ஃப்ரெஞ்சுக்காரன் பிற்பாடு தெரிந்தவரிடம் கதை சொல்கிறான்.

ரைம் ஸ்கீம் கேட்டால் இந்தப் பாட்டில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ரெண்டு காரணம். ஒன்று, ரைம் என்றதும் எதுகை என்று நினைத்து ரெண்டாவது எழுத்தைத் தேடுகிறார்கள். இங்கிலீஷ் ரைம் நம் இயைபுக்குத்தான் பக்கம், அடியின் கடைசியில் ஒலி ஒத்து வருவது. மோனை அவர்களுடைய அலிட்டரேஷன். ரெண்டு, உச்சரிப்பு. 'ஹௌ' என்று ஒரு வரி முடிகிறது, ஒன்று விட்டு அடுத்த வரி 'ப்ரௌ' என்று முடிகிறது. அதை 'ப்ரோ' என்று படிக்கிற பிள்ளைக்கு ரைம் எப்படிக் காதில் விழும்? எழுத்துக் கூட்டிப் பார்த்து ரைம் கண்டுபிடிக்கவே முடியாது. அகராதியில் உச்சரிப்பைப் பாருங்கள், போனில் கேளுங்கள். ஏ பி ஏ பி சி டி சி டி என்று தானே வந்துவிடும்.

'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' புத்தகத்தில் பாட்டாக இருக்கிறது, உண்மையில் அது நாடகத்தின் ஒரு துண்டு. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்', இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சி. பாட்டை எழுதியவர் ஷேக்ஸ்பியர், சொல்பவன் ஜேக்விஸ். இந்த வித்தியாசத்தை எழுதினாலே விடைத்தாள் தனியாகத் தெரியும். ஆர்டன் காட்டில், நாடு கடத்தப்பட்ட பிரபுவிடம் பேசுகிறான். எதையும் கசப்பாகவே பார்க்கிற ஆள். கொஞ்சம் முன்னால்தான் ஆர்லாண்டோ என்கிற இளைஞன் கத்தியோடு வந்து சாப்பாடு கேட்டான். கூட வந்த கிழவர் பசியில் நடக்க முடியாமல் கிடக்கிறார், அவர் சாப்பிடாமல் தானும் தொட மாட்டேன் என்று அவரைத் தூக்கிவரப் போயிருக்கிறான். அந்த இடைவெளியில்தான் ஜேக்விஸ் ஏழு பருவத்தையும் அடுக்குகிறான். குழந்தையில் ஆரம்பித்து, 'ஸான்ஸ் டீத், ஸான்ஸ் ஐஸ், ஸான்ஸ் டேஸ்ட், ஸான்ஸ் எவ்ரிதிங்' என்று கிழவனில் முடிக்கிறான். பல் இல்லை, கண் இல்லை, ருசி இல்லை, ஒன்றும் இல்லை. அவன் வாயை மூடியதும் ஆர்லாண்டோ அந்தக் கிழவர் ஆடமைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறான். ஒன்றுமில்லாத கிழவன் என்று இப்போதுதான் ஒருவன் சொல்லி முடித்தான், ஒரு கிழவரை இன்னொருவன் தோளில் தாங்கி வருகிறான். ஜேக்விஸ் சொன்னது முழு உண்மை இல்லை என்று ஷேக்ஸ்பியர் ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டார். இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் என் குரல் கொஞ்சம் உடையும். என் அப்பாவைக் கடைசி எட்டு மாசம் அப்படித்தான் தூக்கிக் குளிப்பாட்டினோம்.

மற்ற ரெண்டு பாட்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்வின் ம்யூரின் 'த கேஸில்' கோட்டைக்குள் இருந்த ஒரு வீரனின் வாக்குமூலம். எல்லாம் முடிந்த பிறகு, வெட்கத்தோடு சொல்கிறான். எதிரியின் ஆயுதம் தங்கம், வாசல் திறந்தது உள்ளே இருந்த காவலாளி. காலம் என்ன என்று குறித்துக்கொண்டால், முதல் பத்திகளில் தெரிகிற நிம்மதி ஏன் நெஞ்சைக் குத்துகிறது என்று புரியும். கார்ல் சாண்ட்பர்க்கின் 'எ ஃபாதர் டு ஹிஸ் சன்' பாட்டில் நிறையப் பேர் 'தந்தை மகனிடம் சொல்கிறார்' என்றே எழுதுகிறார்கள். முதல் வரியைப் பாருங்கள். ஒரு தந்தை, வளர்ந்து வருகிற மகனைப் பார்க்கிறார், அவனுக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறார். அதைச் சொல்பவர் மூன்றாவது ஆள்.

நாடகத்துக்கு வருவோம். சப்ளிமென்டரியில் ரெண்டு நாடகம், 'த ஹவர் ஆஃப் ட்ரூத்', 'ரிமெம்பர் சீஸர்'. நாடகத்தில் சாய்வெழுத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். யார் எழுந்தார், எதைக் கையில் எடுத்தார், எந்தக் கதவைச் சாத்தினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம், சாய்வெழுத்தைப் படிக்க மட்டும் தனியாக ஒருவர், இதுதான் எங்கள் ஏற்பாடு. 

'ரிமெம்பர் சீஸர்' எழுதிய கார்டன் டேவியட் ஒரு பெண், எலிசபெத் மெக்கின்டாஷ் என்பவரின் புனைபெயர் அது. கதை இரண்டாம் சார்லஸ் காலம். வெஸ்டன் பிரபு ஒரு நீதிபதி. தன் கோட்டுப் பையில் 'ரிமெம்பர் சீஸர்' என்று ஒரு சீட்டைப் பார்க்கிறார். அன்றைக்கு மார்ச் 15, ஜூலியஸ் சீஸரைக் குத்திக் கொன்ற தேதி. தன்னைக் கொல்லச் சதி என்று முடிவு கட்டி, வீட்டுக் கதவு ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொல்லி, செக்ரட்டரி ரோஜரையும் பயத்தில் ஆழ்த்துகிறார். மனைவிக்கோ இது எதுவும் உறைக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால் சீஸர் என்கிற தோட்டக்காரரைச் சந்திக்க வேண்டும் என்று தானே ஞாபகத்துக்கு எழுதி வைத்த சீட்டு. இந்த நாடகத்துக்கு நான் சொல்வது, நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து வெஸ்டன், ரோஜர், லேடி வெஸ்டன் என்று தலைப்புப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நகைச்சுவை அத்தனையும் அந்த மூன்று பத்திகளுக்கு இடையில் இருக்கிற வித்தியாசத்தில்தான். வெஸ்டனின் குணத்தை எழுதச் சொன்னால் 'பயந்தவர்' என்று ஒரு சொல்லோடு நிற்காமல், என்ன சொன்னார், என்ன செய்தார் என்று ரெண்டு சாட்சி சேர்க்க இந்தப் பக்கம் உதவும்.

'த ஹவர் ஆஃப் ட்ரூத்' இதற்கு நேர் எதிர். நேர்மையான வங்கி அதிகாரி ஒருவர், பெரிய தொகையைக் காட்டிப் பொய்சாட்சி சொல்லக் கேட்கிற பழைய நண்பர், நடுவில் குடும்பம். இதில் குடும்பத்தார் ஒவ்வொருவரும் எந்த வசனத்தில் மனம் மாறுகிறார்கள் என்று கோடு போட்டால் போதும்.

எழுதுவது பற்றிக் கொஞ்சம். இ.ஆர்.சி.க்கு நாலு தலைப்பு போடுகிறோம், ரெஃபரன்ஸ், கான்டெக்ஸ்ட், எக்ஸ்ப்ளனேஷன், கமென்ட். ரெஃபரன்ஸ் பாட்டின் பேரும் கவிஞர் பேரும். கான்டெக்ஸ்ட் என்றால் நம் கூற்று, கேட்போர், களன், காலம் நாலும் சேர்ந்தது, ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். எக்ஸ்ப்ளனேஷன் அந்த வரிக்கு மட்டும்தான், பாட்டுச் சுருக்கம் முழுதையும் அங்கே கொட்டாதீர்கள். கமென்டில்தான் எல்லோரும் 'த லைன்ஸ் ஆர் வெரி பியூட்டிஃபுல்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அங்கே மெய்ப்பாட்டைக் கொண்டுவாருங்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவாக உணர்வது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. இந்த எட்டில் எது என்று முதலில் தமிழில் முடிவு செய்யுங்கள், இங்கிலீஷ் சொல் அப்புறம் வரும். தோரு தத்தின் வரியில் இருப்பது அழுகை. அழுகைக்குத் தொல்காப்பியர் சொல்கிற காரணங்களில் இழவும் ஒன்று. இளிவரலுக்கு முதல் காரணமாக மூப்பைச் சொல்கிறார். ஜேக்விஸின் கடைசி வரிக்கு வேறென்ன வேண்டும்? குதிரைப் பையனுக்குப் பெருமிதம், தறுகண்ணால், அதாவது அஞ்சாமையால் வந்தது. இப்படி எட்டுக்கும் நேராக ரெண்டு ரெண்டு இங்கிலீஷ் சொற்களை எழுதி எங்கள் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பரீட்சை அறையில் வினாத்தாள் படிக்கக் கொடுக்கிற முதல் பத்து நிமிஷத்தில், கொடுத்த வரிகளை உதடு மட்டும் அசைய ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாய்க்குப் பழகிய வரி எந்தப் பாட்டில் இருந்தது என்று வாய்க்கே தெரியும்.

மனப்பாடமே வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். ஆனால் கைடு பாராவை வேண்டாம், பாட்டு வரிகளைச் செய். ஒரு பாட்டுக்கு நாலைந்து வரி போதும். அது உன் சொந்த வாக்கியத்துக்கு நடுவில் வந்து உட்காரும்.

இருபத்திரண்டு நாள் தாராளம், கண்ணு. இன்றைக்கு யுலிஸிஸை எடுத்து உன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படி, அழுகையை நிறுத்தினாலும் நிறுத்துவான். பென்சிலைக் கையில் வைத்துக்கொள், கேட்போர் மாறுகிற இடத்திலெல்லாம் கோடு போடு. நாளைக்குத் திண்ணையில் 'ரிமெம்பர் சீஸர்'. வெஸ்டனுக்கு ஆள் கிடைத்துவிட்டான், சாய்வெழுத்துப் படிக்க அவன் அக்கா வருகிறாள். லேடி வெஸ்டனுக்கு இன்னும் யாரும் கை தூக்கவில்லை. ஆறு மணிக்கு வந்துவிடு.